மீண்டும் சுடச் சொல்வது ஏன்? செயன்முறைத் துப்பாக்கிச் சுடுதலின் நடுவர் விதிகள்

2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தபடி, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று சுட்ட துருக்கி வீரர் யூசுப் டிகெச்சின் படம் வன்னியிலும் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி பரவியது. எங்கள் பாடசாலையின் உயர்தர மாணவர்கள் அதற்குப் பிறகுதான் துப்பாக்கிச் சுடுதல் காணொளிகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் தேடும்போது அகப்படுபவற்றிற் பெரும்பாலானவை ஒலிம்பிக் போட்டிகள் அல்ல. வீரர் ஒருவர் தடுப்புகளுக்கிடையே ஓடி, சாளரம் போன்ற துளைகளுக்கூடாகக் குறிபார்த்து, கடதாசி இலக்குகளையும் உருக்குத் தகடுகளையும் அடுத்தடுத்துச் சுட்டு முடிப்பார்; அவரது தோளுக்குப் பின்னால் ஒரு நடுவர் நேரக்கணிப்பானை நீட்டிப் பிடித்தபடி கூடவே ஓடுவார். இதுவே செயன்முறைத் துப்பாக்கிச் சுடுதல். நின்ற இடத்தில் நின்று சுடும் ஒலிம்பிக் போட்டியிலிருந்து இது வேறானது. ஒலிம்பிக் பட்டியலிலும் இல்லை.

அந்தக் காணொளிகளைப் பார்த்த மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "சேர், துவக்கு இறுகிப்போய் நிண்ட ஆளுக்கு மறுவாய்ப்புக் குடுக்கேல்லை. இன்னொருத்தர் ஒரு பிழையும் விடாமல் முடிச்சிட்டார், அவரைத் திரும்பச் சுடச் சொல்லினம். இது என்ன நியாயம்?" அவன் கேட்டது நல்ல கேள்வி. மீண்டும் சுடச் சொல்வதை நடுவரின் இரக்கம் என்றும், வாதாடி வெல்லும் சலுகை என்றும், தோற்றவருக்குக் கிடைக்கும் ஆறுதல் வாய்ப்பு என்றும் பலர் எண்ணுகிறார்கள். இம்மூன்றுமே பிழையான எண்ணங்கள்.

துப்பாக்கிச் சத்தத்தை விளையாட்டோடு சேர்த்து நினைப்பது இந்த மண்ணில் எளிதன்று. 2009 இல் போர் முடிந்த பின்னரும் பட்டாசு வெடிக்கும்போது உடல் ஒடுங்குகிறவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். யாரையும் இந்த விளையாட்டுக்கு அழைப்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஓர் அளவீடு எப்போது நம்பத்தக்கது, எப்போது அதைக் கிழித்துப்போட்டு மறுபடி அளக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த விளையாட்டின் விதிநூல் ஆழமாக யோசித்திருக்கிறது. மெய்வல்லுநர் போட்டிகளில் நடுவராக நிற்கும் எனக்கு அந்த யோசனை பயன்பட்டிருக்கிறது.

நெல் நிறுக்கும் தராசு

காலபோக அறுவடை முடிந்து நெல் மூடைகளை வியாபாரியின் தராசில் ஏற்றும் காட்சியை வன்னியில் அறியாதவர் இல்லை. தராசின் எண் பூச்சியத்துக்கு வராத நிலையில் உங்கள் மூடையை ஏற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூடையை இறக்கி, தராசைச் சரிசெய்து, மறுபடி நிறுக்க வேண்டும். அதேபோல, நிறுக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் அறியாமல் மூடையில் கைவைத்துச் சாய்ந்து நின்றாலும் அந்த நிறை செல்லாது. ஆனால் உங்கள் நெல் காயாமல் ஈரமாக இருந்தாலோ, பதர் மிகுந்திருந்தாலோ மறுநிறுவைக்கு இடமில்லை. தராசு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பூச்சியத்துக்கு வராத தராசு உங்களுக்கு இலாபமாகவே காட்டியிருந்தாலும் அந்த நிறையை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. மறுபடி நிறுத்து வருவது கூடினாலும் குறைந்தாலும் அதுவே கணக்கு.

செயன்முறைச் சுடுதலில் ரீஷூட் எனப்படுவதும் இதுதான். அதை மீள்சுடுகை என்று அழைப்போம். ஒரு முயற்சியின் புள்ளியையோ நேரத்தையோ நம்பத்தக்கதாக அளக்க முடியாமற் போனால், அந்த முயற்சியை முழுவதும் நீக்கிவிட்டு, களத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வீரரைத் தொடக்கத்திலிருந்து மறுபடி சுடச் செய்வதே மீள்சுடுகை. முதல் முயற்சியும் இரண்டாம் முயற்சியும் ஆகிய இரண்டில் நல்லதைத் தெரிவுசெய்யும் உரிமை வீரருக்கு இல்லை.

சுருக்கமாக: அளவுகோல் கெட்டால் மறுபடி அளக்கப்படும், அளக்கப்படும் பொருளின் குறைக்கு அவ்வாறு செய்யப்படுவதில்லை.

எதை அளக்கிறார்கள்?

இந்த விளையாட்டின் உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி. 1976 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் உருவானது. அதன் முதற் தலைவர் ஜெப் கூப்பர். துல்லியம், வலு, வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்து அளப்பது அதன் அடிப்படை. வலு என்பது பயன்படுத்தும் தோட்டாவின் வலு. இந்த விளக்கத்துக்கு அது அவசியமில்லாததால் விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு போட்டியும் பல கட்டங்களால் ஆனது. ஒரு தொடக்கப் புள்ளி, சில தடுப்புகள், பல இலக்குகள் என அமைக்கப்பட்ட ஒரு சுடுபாதையே கட்டம். கடதாசி இலக்கொன்றின் நடு வலயத்துக்கு 5 புள்ளி, அதற்கு வெளியே 3, ஓரத்தில் 1 என்பது குறைந்த வலுப் பிரிவின் கணக்கு. இலக்கில் குண்டு படுவதையே அடி என்கிறேன்; தவறவிட்ட ஒவ்வொரு அடிக்கும் 10 புள்ளி கழிக்கப்படும். சுடக்கூடாத இலக்கு என்று வைக்கப்பட்டிருப்பதைச் சுட்டாலும் 10 கழியும்.

பெற்ற புள்ளியை எடுத்த செக்கன்களால் வகுத்தால் வருவது புள்ளிவீதம். எட்டு இலக்குகளுக்குத் தலா இரண்டு அடி என்றால் முழுப்புள்ளி 80. ஒருவர் 72 புள்ளியை 12 செக்கனில் எடுத்தால் அவரது புள்ளிவீதம் 6. இன்னொருவர் 80 புள்ளியையும் எடுத்து 16 செக்கன் செலவிட்டால் அவருக்கு 5. ஆகவே, ஒரு சூட்டைக்கூடப் பிசகாமற் சுட்டவர் இரண்டாமிடம். அத்தோடு கணக்கு முடியவில்லை. அந்தக் கட்டத்தில் மிகக் கூடிய புள்ளிவீதம் பெற்றவருக்கே 80 கட்டப்புள்ளி முழுவதும் கிடைக்கும். ஏனையோருக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதமே கிடைக்கும். எனவே இரண்டாமவர் பெறுவது 80 இல் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 66.67.

இந்த விகிதக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் புள்ளி பிழைத்தால் அது அவரோடு நில்லாமல் எல்லோருடைய புள்ளியையும் பிழைக்கச் செய்கிறது. மீள்சுடுகை ஒருவருக்குச் செய்யப்படும் உதவி என்ற எண்ணம் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

தோளுக்குப் பின்னால் நிற்பவர்

வீரரோடு கூடவே நகர்ந்து, துப்பாக்கியின் திசையையும் விசையிலுள்ள விரலையும் கவனிப்பவர் களநடுவர். போட்டி முழுவதன் சுடுகளப் பொறுப்பும் றேஞ்ச் மாஸ்டரிடம் இருக்கும். களநடுவரின் கட்டளைகள் உலகெங்கும் ஒரே சொற்களில், ஒரே வரிசையில் வரும். முதலில் தோட்டா நிரப்பி ஆயத்தமாகச் சொல்வார். பின்னர் ஆயத்தமா என்று கேட்பார். அடுத்துக் காத்திருக்கச் சொல்வார். அதன்பின் 1 முதல் 4 செக்கனுக்குள் நேரக்கணிப்பான் ஒலிக்கும். ஒவ்வொரு சூட்டின் சத்தத்தையும் அந்தக் கருவியே பதிவதால், கடைசிச் சூட்டின் நேரமே வீரரின் நேரம்.

ஒலி வருவதற்கு முன்பே வீரர் தொடங்கிவிட்டால் நடுவர் உடனே நிறுத்தி, கட்டத்தை மீளமைத்து, மறுபடி தொடங்கச் செய்வார். சர்வதேச 100 மீற்றர் ஓட்டத்தில் 2010 முதல் ஒரே தவறான தொடக்கத்துக்கு வெளியேற்றம் என்பதை அறிந்த மாணவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

தகடு விழாதபோது

எங்கள் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் ஓடுபாதைக்குக் குறுக்கே நாயோ மாடோ வந்துவிட்டால், மறிக்கப்பட்ட பிள்ளையைத் திரும்ப ஓட விடுவதில் யாருக்கும் மறுப்பிருக்காது. களக்கருவிப் பழுது என்பது அதற்கு நிகரானது. அசையும் இலக்கு அசையாமல் நின்றாலோ, உரிய நேரத்துக்கு முன்னரே இயங்கிவிட்டாலோ, முந்தியவர் வீழ்த்திய தகட்டை யாரும் நிமிர்த்தி வைக்காமல் விட்டாலோ, பழுதைத் திருத்திய பின் மீள்சுடுகை கட்டாயம்.

சிக்கலானது பொப்பர் எனப்படும் உருக்குத் தகடுதான். நிலத்தில் நிற்கும் இந்தத் தகடு, குண்டு பட்டால் விழ வேண்டும். பட்ட சத்தம் கேட்டும் தகடு விழவில்லை என்றால், குண்டு விளிம்பில் உரசிச் சென்றதா, அல்லது தகட்டை அளவுக்கு மீறி இறுக்கி வைத்துவிட்டார்களா? ஓடிக்கொண்டிருக்கும் வீரர் அரைச் செக்கனுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

விழும்வரை மறுபடி சுட்டால், இழந்த நேரம் இழந்ததுதான். அதற்குமேல் முறையிட இடமில்லை. நிற்க விட்டுவிட்டு எதுவும் கேட்காமற் போனால் தவறிய அடியாகக் கணக்கிடப்படும். மூன்றாவது வழி, நிற்க விட்டுவிட்டு, கட்டம் முடிந்ததும் தகட்டைச் சோதிக்கும்படி கோருவது. அப்போது வீரர் சுட்ட இடத்துக்கு இயன்றவரை அருகில் நின்று, சோதனைக்கென ஒதுக்கப்பட்ட குறைந்த வலுத் தோட்டாவால் அந்தத் தகடு சுடப்படும். உரிய பகுதியில் பட்டதும் தகடு விழுந்தால் தகடு சரி, வீரரின் தவறு தவறாகவே நிற்கும். பட்டும் விழாவிட்டால் தராசு பிழை, மீள்சுடுகை.

சோதனை நடக்கும்வரை தகட்டையோ அதன் சுற்றுப்புறத்தையோ யாரும் தொடக்கூடாது. போட்டி அலுவலர் ஒருவர் தொட்டுவிட்டால் மீள்சுடுகை கொடுக்க வேண்டும். கோரிய வீரரே தொட்டால் அது தவறிய அடியாகிவிடும்.

ஒட்டப்படாத துளை

மாணவன் கேட்ட கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, ஒரு பிழையும் விடாதவரை ஏன் திரும்பச் சுடச் சொல்கிறார்கள் என்பதற்கு, விடை இங்கே இருக்கிறது. ஒவ்வொரு வீரரும் சுட்டு முடித்துப் புள்ளியிட்ட பின், கடதாசியிலுள்ள துளைகளின்மேல் இலக்கின் நிறத்திலேயே சிறு ஒட்டுத்துண்டுகளை ஒட்டுவார்கள். ஒன்றை ஒட்ட மறந்தாலோ, ஒட்டியது கழன்று விழுந்தாலோ, அடுத்தவரின் இலக்கில் இரண்டுக்குப் பதிலாக மூன்று துளைகள் தெரியும்.

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது சில ஆண்டுகளுக்கு முன்னரான நீளம் பாய்தற் போட்டி ஒன்று. மணற்குழியில் அளவு நாடாவைப் பிடித்தவன் நான். முந்திப் பாய்ந்த பிள்ளையின் கை ஊன்றிய தடம் மட்டமாக்கப்படாமல் இருந்தது. அடுத்த பிள்ளை பாய்ந்து எழுந்தபோது, பலகைக்கு அருகில் ஒரு தடமும் அதற்கு அப்பால் ஒரு தடமுமாக மணலில் இரண்டு கிடந்தன. கிட்டிய தடத்திலிருந்து அளப்பதே விதி என்பதால் கிட்டியதிலிருந்தே அளந்தேன். அவள் ஒன்றும் பேசாமல் மணலைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தடம் அவளுடையதா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் ஓர் எண்ணை எழுதியதே நான் செய்த பிழை.

செயன்முறைச் சுடுதலின் விதி இந்த இடத்தில் தயக்கமின்றிப் பேசுகிறது. எந்தத் துளை யாருடையது என்பது வெளிப்படையாகத் தெரிந்தால் நடுவர் புள்ளியிடலாம். தெரியாவிட்டால் மீள்சுடுகைக்குக் கட்டளையிட்டே ஆக வேண்டும். வீரருக்கு நல்லதாகத் தோன்றுவதைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும், கெட்டதைக் கொடுத்துவிட்டுப் போவதற்கும் அவருக்கு அதிகாரமில்லை. புள்ளியிடுமுன் யாராவது அவசரப்பட்டுத் துளைகளை ஒட்டிவிட்டு, உண்மையான புள்ளியை அறிய முடியாமற் போனாலும் இதே முடிவுதான்.

முன்னைய உதாரணத்துக்குத் திரும்புவோம். 72 புள்ளி எடுத்தவரின் நடு வலயத் துளைகளில் ஒன்று உண்மையில் முந்தியவருடையது என்று கொள்ளுங்கள். அந்த 5 புள்ளி போய், தவறிய அடிக்காக 10 கழிந்தால் 57. 12 செக்கனால் வகுத்தால் 4.75. இப்போது 5 எடுத்த இரண்டாமவரே முதல்வர். அவரது கட்டப்புள்ளி 66.67 இலிருந்து 80 ஆகிறது, மற்றவரது 80 இலிருந்து 76 ஆகிறது. விரல் நுனியளவு ஒட்டுத்துண்டு ஒன்றை மறந்ததன் விளைவு இது.

சுருக்கமாக: கருவி பழுதானாலும், துளையின் சொந்தக்காரர் யாரென்று தெரியாமற் போனாலும் மீள்சுடுகை கட்டாயம், வீரர் விரும்பினாரா என்ற கேள்வியே எழாது.

விருப்பத்துக்கு விடப்படும் ஒரே இடம்

நடுவர் தவறுதலாக வீரரின் மேல் முட்டிவிடலாம். வெளியிலிருந்து வேறு ஏதாவது தடங்கல் வரலாம். அப்போது நடுவர் மீள்சுடுகையை முன்வைக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் வீரரின் விருப்பம். ஆனால் தனது நேரத்தையோ புள்ளியையோ பார்க்கும் முன்னரே அவர் பதில் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனையை நான் மிக மதிக்கிறேன். பார்த்த பிறகு பதில் சொல்ல விட்டால், நன்றாகச் சுட்டவர் தடங்கலே இல்லை என்பார். மோசமாகச் சுட்டவர் பெருந்தடங்கல் என்பார். பார்க்கும் முன் கேட்டால், உண்மையில் தடங்கல் தன்னைப் பாதித்ததா என்பதை மட்டுமே அவரால் யோசிக்க முடியும்.

துப்பாக்கி இறுகினால்

மாணவன் கேட்டதன் முதற் பாதிக்கு வருவோம். தோட்டா சிக்கித் துப்பாக்கி இயங்காமற் போவது வீரரின் கருவியில் வரும் குறை. அதைத் துடைத்து, சோதித்து, நல்ல தோட்டாவோடு கொண்டுவருவது அவரது பொறுப்பு. காயாத நெல்லைக் கொண்டுவந்தவரின் நிலைதான் அவருக்கும். நேரக்கணிப்பான் ஓடிக்கொண்டிருக்கும், அவர் சரிசெய்துகொண்டு தொடர வேண்டும்.

ஆனால் ஒரு நுட்பமான நிலைமை உண்டு. மருந்து குறைந்த தோட்டா வெடிக்கும்போது சத்தம் மெலிந்து கேட்கும்; குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொரு குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். ஆகவே நடுவர் "நிறுத்து" என்று கத்துவார். பின்னர் குழலைப் பார்க்கும்போது குண்டு உள்ளே இருந்தால் மீள்சுடுகை இல்லை; அதுவரை சுட்டதே கணக்கு. குழல் வெறுமையாக இருந்தால் வீரர் மறுபடி சுட வேண்டும். நடுவர் நிறுத்தியது குற்றமன்று, பாதுகாப்புக்காக நிறுத்துவது அவரது கடமை. ஆனால் வீரரின் முயற்சியைத் துண்டித்தது அவரது குரல் என்பதால் அந்த முயற்சி செல்லாது.

இவ்வளவையும் படித்து, யாருடைய தவறு என்று பார்த்தால் போதும் என முடிவுகட்டினால், கண்ணாடி விதி அதைக் கலைத்துவிடும். சுடும்போது பாதுகாப்புக் கண்ணாடியோ காதுக்காப்போ கழன்றுவிட்டால், அது வீரரின் சொந்தப் பொருளாகவே இருந்தாலும், நடுவர் கண்டவுடன் நிறுத்த வேண்டும். மீண்டும் அணிந்தபின் மீள்சுடுகை. வீரர் தானே நிறுத்திச் சுட்டிக்காட்டவும் உரிமை உண்டு. கண்ணை இழப்பதா கட்டத்தை இழப்பதா என்று ஒருவர் யோசிக்கும் நிலையை விதி விரும்பவில்லை. இந்தக் கருணையைப் பயன்படுத்தி, மோசமாகப் போகும் முயற்சியை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே கண்ணாடியைத் தள்ளிவிடுபவருக்குத் தகுதிநீக்கம் உண்டு. தகுதிநீக்கம் என்பது அந்தக் கட்டத்தோடு நில்லாமல், போட்டி முழுவதிலிருந்தும் வெளியேற்றுவது.

மீள்சுடுகையால் அழியாதவை

சுடுகளத்தின் மண்ணணையை நேராகப் பார்த்து நிற்கும்போது, பொதுவாக எந்தப் பக்கமும் 90 பாகைக்கு அப்பால் துப்பாக்கியின் வாய் திரும்பக்கூடாது. இலக்கைச் சுடாமல் நகரும்போது விசைவளையத்துக்குள் விரல் இருக்கக்கூடாது. துப்பாக்கியைக் கைநழுவ விடக்கூடாது. இவற்றில் ஒன்றை மீறினால் தகுதிநீக்கம். அதே நேரத்தில் தகடு பழுதாகியிருந்தது, நடுவர் முட்டிவிட்டார் என்பவையெல்லாம் அதை மாற்றாது. புள்ளியை மறுபடி அளக்கலாம், பாதுகாப்பு மீறலை நடக்காததாக்க முடியாது.

முறையீடும் கையொப்பமும்

நடுவரின் முடிவை ஏற்காதவர் முதலில் அந்தக் கட்டத்தின் தலைமை நடுவரிடமும், பின்னர் றேஞ்ச் மாஸ்டரிடமும் முறையிடலாம். இலக்கில் பட்ட துளையைப் பற்றிய சர்ச்சை என்றால் றேஞ்ச் மாஸ்டரின் முடிவே முடிவு. ஏனையவற்றுக்கு மத்தியஸ்தக் குழு உண்டு. எங்கள் ஊர் மத்தியஸ்த சபை இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயலும். இந்தக் குழுவோ விதியைப் பார்த்துத் தீர்ப்பே சொல்லும். சம்பவம் நடந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். முறையீடு ஏற்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், அனுபவமுள்ள வீரர்கள் நம்புவது வேறொன்றை. புள்ளியிடும் நடுவரோடு இலக்குக்கு இலக்கு கூடவே நடந்து, ஒவ்வொரு துளையையும் தம் கண்ணாலும் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியிற் புள்ளித்தாளின் எண்களை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறார்கள். இருவரும் கையொப்பமிட்ட தாளிலுள்ள நேரமும் அடிகளும் உறுதியானவையாகக் கொள்ளப்படும். சந்தேகம் இருந்தால் அந்த இலக்கை ஒட்டாமல் வைத்திருக்கும்படி அப்போதே சொல்ல வேண்டும். ஒட்டுத்துண்டு துளையை மூடிய பிறகு, றேஞ்ச் மாஸ்டரே வந்தாலும் அவருக்குக் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இராது.